மெட்டல் டிடெக்டர்: சேலம், ஏற்காடு பக்கம் தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் புதிதாக மெட்டல் டிடெக்டர் வாங்குபவர்களில் பலர் முதல் வாரத்திலேயே "பீஸ் சரியில்லை" என்று கடைக்காரருக்குப் போன் போடுகிறார்கள். பெரும்பாலும் தொந்தரவு காலடி மண்ணிலிருந்து வருகிறது. வெளிநாட்டு வீடியோவில் பார்க்கும் புல்வெளி வேறு, நம் செம்மண் வேறு. அதனால் மண்ணைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறோம்.

இது எப்படி வேலை செய்கிறது?

கீழே இருக்கும் வட்டத் தட்டுக்குப் பெயர் காயில். அதற்குள் இரண்டு செம்புக் கம்பிச் சுற்றுகள் இருக்கும். ஒன்று மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும், இன்னொன்று திரும்பி வருவதைக் கேட்கும். மண்ணில் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும்; அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். அது எவ்வளவு வலுவானது, எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதை வைத்துத்தான் கருவி இரும்பா, வெள்ளியா என்று கணிக்கிறது. விஎல்எஃப் (வெரி லோ ஃப்ரீக்வென்சி, மிகக் குறைந்த அலைவரிசை) என்று விற்கும் வகை இதுதான். வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் கருவிகளில் பெரும்பாலானவை 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை.

பிஐ (பல்ஸ் இன்டக்ஷன்) என்பது இன்னொரு வகை. அது துடிப்புத் துடிப்பாக மின்சாரம் அனுப்பி, ஒவ்வொரு துடிப்பும் அணைந்த பிறகு மிச்சம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கும். கெட்ட மண்ணிலும் ஆழம் போகும். ஆனால் இரும்பையும் தங்கத்தையும் நம்பகமாகப் பிரித்துச் சொல்லாது. ஆணி நிறைந்த நம் ஊர் களத்துமேட்டில் பிஐ வைத்துத் தேடினால் பொழுதுக்கும் ஆணி தோண்ட வேண்டியதுதான்.

எவ்வளவு ஆழம் வரை காட்டும்?

நல்ல மண்ணில், 11 அங்குல காயிலில், ஐந்து ரூபாய் அளவுள்ள காசு 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை கேட்கும். சின்ன மூக்குத்தி 5 சென்டிமீட்டரில் கேட்டாலே பெரிது. அண்டா, குடம் போன்ற பெரிய பாத்திரம் அரை மீட்டருக்குக் கீழேயும் தெரியும். இரும்புத்தாது நிறைந்த கஞ்சமலைப் பக்கத்து மண்ணில் இந்தக் கணக்கெல்லாம் பாதிக்கும் கீழே போய்விடலாம்.

"100 மீட்டர் தூரத்துத் தங்கத்தைக் காட்டும்" என்று விற்கிறார்களே?

வாங்காதீர்கள். இரண்டு ஆன்டெனா குச்சியும் ஒரு கைப்பிடியும் வைத்து "லாங் ரேஞ்ச் லொகேட்டர்" என்று விற்பதெல்லாம் ஏமாற்று. ஒரு மோதிரம் தரும் எதிர்ப்புலம் தூரம் கூடக் கூட அதிவேகமாகத் தேய்ந்துவிடும். ஒரு முழத்துக்கு அப்பால் நல்ல கருவிக்கே அது எட்டாது. இதே மாதிரி ஆன்டெனாக் குச்சியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ்காரருக்கு 2013-ல் லண்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. அரிசியை இழுக்கும் இரிடியம் கலசம் என்று நம் பக்கம் நடப்பதும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இரிடியம் அரிசியை இழுக்காது.

கருவியை ஆன் செய்து மண்ணருகே கொண்டுபோனாலே கத்துகிறது. ஏன்?

சேலத்தின் மண் இரும்பு மண். கஞ்சமலை முழுக்க மாக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது பட்டை பட்டையாக ஓடுகிறது. 1830-களில் ஹீத் என்பவர் சென்னை மாகாணத்தில் நவீன இரும்பு உருக்காலை தொடங்கியபோது சேலத்துத் தாதுவைத்தான் நம்பினார். சேலம் உருக்காலை நிற்பதும் அந்த மலையடியில்தான். மழைத்தண்ணீர் அந்தத் தாதுவை அரைத்துக் கீழே கொண்டுவருகிறது. ஓடைகளில் மணலுக்கு மேல் கறுப்புக் கோடாகப் படிந்திருப்பது அந்த மாக்னடைட் பொடி.

ஏற்காட்டின் கதை வேறு. மேலே உள்ள செம்புறை மண்ணும் பாக்சைட்டும் இரும்பு ஆக்சைடு மிகுந்தவை. இந்த மண் காந்தப்புலத்தை வாங்கி, கொஞ்சம் தாமதித்து விடும். உலோகமும் தாமதமாகத்தான் பதில் சொல்லும் என்பதால் கருவி குழம்புகிறது. பிஐ கருவிகூடத் தடுமாறும் இடம் இது. சேலத்துக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே வெள்ளைவெளேரென்று கிடக்கும் மாக்னசைட் நிலத்தைப் பார்த்து "இது காந்தக்கல், ஆகவே ஆகாது" என்பவர்கள் உண்டு. மாக்னசைட்டில் காந்தம் கிடையாது. அதைச் சுமக்கும் கரும்பச்சைப் பாறையில் மாக்னடைட்டும் குரோமைட்டும் கலந்திருக்கின்றன. சத்தம் போடுவது அந்தப் பாறைத் துண்டுகள்.

உங்கள் மண் எப்படி என்று 2 நிமிடத்தில் பார்த்துவிடலாம். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, காய்ந்த மண்ணில் ஒரு மீட்டர் தூரம் இழுங்கள். கவரின் அடியில் கறுப்பு மீசை முளைத்த மாதிரி பொடி குத்திட்டு நிற்கும். கவரை ஒரு வெள்ளைத் தாளுக்கு மேல் பிடித்து காந்தத்தை மட்டும் வெளியே எடுத்தால் பொடி உதிர்ந்துவிடும். ஒரு சிட்டிகைதான் என்றால் கவலை இல்லை. அரை ஸ்பூனுக்கு மேல் என்றால் அடுத்த பதிலை நிதானமாகப் படியுங்கள்.

கிரவுண்ட் பேலன்ஸ் எப்படிச் செய்வது?

"இந்த மண்ணின் சத்தத்தைக் கணக்கில் எடுக்காதே" என்று கருவிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் கிரவுண்ட் பேலன்ஸ். முதலில் உலோகம் இல்லாத ஓர் இடம் வேண்டும். எந்த உலோகத்தையும் விடாமல் காட்டும் ஆல் மெட்டல் மோடில் சுற்றிலும் ஒரு முறை வீசிப் பார்த்து, அமைதியான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பேலன்ஸ் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு காயிலை 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 3 சென்டிமீட்டர் வரை, தரைக்கு இணையாகவே, மேலும் கீழும் கொண்டுவாருங்கள். ஏழெட்டு முறைக்குள் சத்தம் அடங்கும். அடங்கியதும் பட்டனை விடுங்கள். அடங்கவே இல்லை என்றால் அடியில் ஆணி கிடக்கிறது. நாலு அடி தள்ளிப் போய் மறுபடி செய்யுங்கள்.

காலையில் ஒரு தடவை செய்தால் போதாது. மண்ணின் நிறம் மாறினால், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கினால், காய்ந்த இடத்திலிருந்து ஈரத்துக்குப் போனால், மறுபடி செய்ய வேண்டும். ஏற்காட்டுத் தோட்டங்களில் ஒரே சரிவில் மூன்று வகை மண் வரும்.

பேலன்ஸ் செய்தும் சலசலப்பு நிற்கவில்லை என்றால் சென்சிடிவிட்டியை, அதாவது மெல்லிய சிக்னலையும் பிடிக்கும் கூர்மையை, இரண்டு இரண்டு புள்ளியாகக் குறையுங்கள். குறைத்தால் ஆழம் போய்விடுமே என்று பலருக்கு மனசு வருவதில்லை. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் பனிமூட்டம் இறங்கும்போது ஹை பீம் போட்டால் என்ன தெரியும்? வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். இரும்பு மண்ணில் சென்சிடிவிட்டியை முழுதாக வைப்பதும் அப்படித்தான். குறைத்த பிறகுதான் ஆழத்தில் கிடக்கும் காசின் மெல்லிய சத்தம் காதுக்கு வரும்.

எல்லாம் செய்த பிறகும் சில கற்கள் மட்டும் காசு மாதிரி சத்தம் தருகின்றன.

அவை 'ஹாட் ராக்'. சுற்றியுள்ள மண்ணைவிட இரும்பு மிகுந்த கல். கஞ்சமலைச் சுற்றுவட்டாரத்தில் கருஞ்சிவப்பு வரிகளோடு கனமாக இருக்கும். காயிலை 10 சென்டிமீட்டர் உயர்த்தி வீசினால் கல்லின் சத்தம் சட்டென்று செத்துவிடும். காசின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மங்கும். பழங்காலத்தில் இரும்பு உருக்கிய இடங்களில் கிடக்கும் சிட்டமும் (உருக்கியதில் மிஞ்சிய கசடு) இதே மாதிரி ஏமாற்றும். தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக, கறுப்பாக, உருகி வழிந்த தடத்தோடு சிட்டம் குவியலாகக் கிடந்தால் அங்கே தேடுவதை நிறுத்துங்கள். அது தொல்லியல் ஆய்வாளர்கள் பார்க்க வேண்டிய இடம்.

எந்தக் கருவி வாங்கலாம்?

நம் மண்ணுக்குக் கிரவுண்ட் பேலன்ஸ் இல்லாத கருவி வேண்டாம். இந்த ஒரு நிபந்தனையே விலை மலிவான பாதிக் கருவிகளைக் கழித்துவிடும். கேரட் ஏஸ் 300 நல்ல உழைப்பாளிதான், ஆனால் அதன் பேலன்ஸ் தொழிற்சாலையில் நிலையாக வைத்தது; நீங்கள் மாற்ற முடியாது. நோக்டா சிம்ப்ளெக்ஸில் மாற்றலாம், மழையில் நனைந்தாலும் தாங்கும். மைன்லேப் வேன்குவிஷ், ஈக்வினாக்ஸ் போன்றவை ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளைப் பயன்படுத்துவதால் செம்மண்ணில் நிதானமாக இருக்கும். கையில் இருக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பின்பாயின்டருக்கு (குழிக்குள் விட்டுப் பார்க்கும் குச்சிக் கருவி) ஒதுக்கிவிட்டு மீதிக்குக் கருவி பாருங்கள் என்பதே எங்கள் யோசனை.

காயில் பெரிதாக இருந்தால் நல்லதுதானே?

காலி நிலத்தில் நல்லது. ஆனால் பெரிய காயில் அதிக மண்ணைப் பார்க்கிறது, அதனால் மண்ணின் சத்தமும் அதிகம். ஆணியும் காசும் அருகருகே கிடந்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் கேட்கும். வீட்டு வாசல், தொழுவம், களம் போன்ற இடங்களுக்கு 6 அங்குலம் முதல் 9 அங்குலம் வரை போதும். வடிவத்தில், இரண்டு D போன்ற சுற்றுகள் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் 'டபுள் டி' எடுங்கள். வட்டத்துக்குள் வட்டமாக இருக்கும் கான்சென்ட்ரிக் காயில் இரும்பு மண்ணில் சீக்கிரம் குழம்பும்.

திரையில் வரும் எண்ணை நம்பலாமா?

ஓரளவு. 0 முதல் 99 வரை எண் காட்டும் கருவியில் இரும்பு அடியில், அலுமினியத் தாளும் சின்னத் தங்கமும் அதற்கு மேல், செம்பும் வெள்ளியும் உச்சியில் வரும். 1940-க்கு முந்தைய பிரிட்டிஷ் வெள்ளி ரூபாய் 11.66 கிராம் எடை, 91.7 சதவீதம் வெள்ளி. அது கணீரென்று மேலே நிற்கும். நம் இப்போதைய 1 ரூபாய், 2 ரூபாய் காசுகள் காந்தத்தில் ஒட்டும் எவர்சில்வர். அவை இரும்பு எண்ணிலோ, நிலையில்லாமல் தாவியோ வரும். பழைய அலுமினிய 5, 10 காசுகள் நடுவில் வரும்.

மாத்திரை அட்டைத் தகடும் 22 காரட் மெல்லிய மோதிரமும் ஏறக்குறைய ஒரே எண்ணில் விழும் என்பதை மறக்கக் கூடாது. குப்பை வேண்டாம் என்று டிஸ்கிரிமினேஷனில் (வேண்டாத எண்களுக்குச் சத்தம் வராமல் செய்யும் வசதி) அந்தப் பகுதியை அடைத்தால் தங்கத்தையும் அடைத்துவிட்டீர்கள். தங்கம் தேடும்போது அடைக்க வேண்டியது இரும்பை மட்டும்.

பாட்டில் மூடியும் துருப்பிடித்த லாடமும் மேல் எண்ணைக் காட்டி ஏமாற்றுவதில் கில்லாடிகள். ஒரே இடத்தை வடக்கு தெற்காக வீசிவிட்டு 90 டிகிரி திரும்பிக் கிழக்கு மேற்காக வீசுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் தோண்டலாம். ஒரு பக்கம் 80, மறுபக்கம் 20 என்றால் இரும்பு.

வெள்ளிக் கொலுசு தொலைந்தது. அவ்வளவு வெள்ளி இருந்தும் ஏன் காட்டவில்லை?

கொலுசுக்குப் பேர்போன ஊரில் இது நியாயமான கேள்வி. சுழல் மின்னோட்டம் ஓட மூடிய வளையம் வேண்டும். மோதிரம் ஒரே முழு வளையம், அதனால் எடை குறைவானாலும் சத்தம் பெரிது. கொலுசு என்பது நூற்றுக்கணக்கான குட்டி வளையங்களின் கோவை. ஒன்றோடு ஒன்று லேசாகத் தொட்டுக்கொண்டிருப்பதால் மின்னோட்டம் தாண்டிப் போவதில்லை. கருவிக்குத் தெரிவது ஒவ்வொரு குட்டி வளையமும் தனித்தனியாகத்தான். அதனால் எண் வெள்ளிக்குரிய உச்சியில் வராமல் கீழே, அலுமினியத் தாள் பக்கம் வரும். திருகாணியும் பெரிய சலங்கையும்தான் கொஞ்சம் உரக்கக் கேட்கும்.

அதே மாதிரி இன்னொரு கொலுசை இரவல் வாங்கி, தொலைந்த இடத்து மண்ணில் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து என்ன எண், என்ன சத்தம் என்று கேளுங்கள். பிறகு அந்தச் சத்தத்தைத் தேடுங்கள். காயிலை மண்ணை உரசுவது போல் வைத்து, வழக்கத்தில் பாதி வேகத்தில் வீச வேண்டும். தங்கச் சங்கிலிக்கும் இதே வழி. தாலிக்கொடியில் குண்டும் தாலியும் கேட்கும், சங்கிலி கேட்காது.

வயலில் விழுந்த மோதிரத்தை எந்த வரிசையில் தேடுவது?

முதலில் அந்த இடத்தில் ஆள் நடமாட்டத்தை நிறுத்துங்கள். பத்துப் பேர் காலால் துழாவினால் மோதிரம் ஆழம் போகும், அல்லது செருப்பில் ஒட்டி வெளியே போகும். கடைசியாக எப்போது விரலில் பார்த்தீர்கள், அதற்குப் பிறகு எங்கெங்கே நின்றீர்கள் என்று விசாரித்து இடத்தைச் சுருக்குங்கள். நாலு முளைக்குச்சி அடித்து, கயிற்றால் ஒரு மீட்டர் அகலப் பாத்தியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மிதிக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்துக்கு இரண்டு மூன்று வினாடி. வீச்சின் இரு முனையிலும் காயிலைத் தூக்கிவிடுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். தூக்கிய இடத்தில்தான் மோதிரம் தப்பும். முழுப் பாத்தியும் முடிந்தால் கயிற்றைக் குறுக்கே கட்டி இன்னொரு சுற்று.

வீட்டுக்குள் தேடலாமா?

கான்கிரீட் தரையிலும் கூரையிலும் கம்பி இருப்பதால் பெரிய கருவி பயன்படாது. பின்பாயின்டர் போதும். 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் தோட்டா எங்கே என்று அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் இப்படியொரு கருவியை வைத்துத் தேடித் தோற்றார். மெத்தைக்குள் இருந்த இரும்புச் சுருள்கள் குழப்பியது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

கருவி தவிர என்னென்ன வேண்டும்?

ஒயருள்ள ஹெட்போன் முக்கியம். ஆழத்துச் சத்தம் திறந்தவெளியில் ஸ்பீக்கரில் கேட்காது. பின்பாயின்டர் என்பது கையடக்கக் குச்சிக் கருவி. தோண்டிய குழிக்குள் விட்டு எந்தப் பக்கம் என்று பார்க்க. நல்ல களைக்கொத்து ஒன்று, தடித்த கையுறை, மண்ணைக் கொட்ட ஒரு துண்டுத் துணி, நல்லதுக்கும் குப்பைக்கும் தனித்தனிப் பை. காயிலுக்குப் பிளாஸ்டிக் உறை போடுங்கள். ஆனால் வாரம் ஒரு முறை கழற்றிக் கழுவாவிட்டால் உள்ளே சேரும் கருமணலே பொய்ச் சத்தம் தரும். மோதிரம், இரும்பு வளையல் போட்ட கையால் பின்பாயின்டரைப் பிடிக்காதீர்கள்.

எப்படித் தோண்டுவது?

புல்லுள்ள இடத்தில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீலாக வைத்துத் திருப்புங்கள். மண் முழுவதும் துணியில் விழட்டும். வேலை முடிந்ததும் அப்படியே கொட்டி மிதித்துவிட்டால் தோண்டிய தடமே தெரியாது. காபித் தோட்டத்தில் செடியின் கிளை விரியும் வட்டத்துக்குள் கொத்தக் கூடாது. காபியின் உணவு வேர்கள் மேல்மண்ணிலேயே படர்பவை. ஒரு கொத்தில் அறுந்துவிடும். வரப்பையும் கல் தடுப்பையும் தொடவே வேண்டாம். சித்திரை வெயிலில் செம்மண் செங்கல்லாக இறுகிக் கிடக்கும்போது தோண்டினால் பொருளுக்குத்தான் அடி. நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்துப் போனால் மண்ணும் இளகியிருக்கும், சிக்னலும் கொஞ்சம் தெளிவாக வரும்.

பழைய வண்டிப்பாதையை ஒட்டிய நிலத்தில் கடையாணி, சக்கரப் பட்டாத் துண்டு, மாட்டு லாடம், கலப்பைக் கொழு எல்லாம் வரும். இவற்றைக் குப்பை என்று திரும்பவும் மண்ணில் போடாதீர்கள். நிலத்துக்காரரிடம் காட்டுங்கள், பெரியவர்கள் ஒவ்வொன்றுக்கும் பெயரும் உபயோகமும் சொல்வார்கள்.

கரண்ட் லைனுக்கு அடியில் கருவி உளறுகிறது.

உளறத்தான் செய்யும். மேட்டூரிலிருந்து வரும் உயர் அழுத்த லைன், டிரான்ஸ்பார்மர், மின்வேலி, பாக்கெட்டில் இருக்கும் செல்போன் எல்லாமே தொந்தரவு. போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். கருவியில் அலைவரிசையைச் சற்று நகர்த்தும் வசதி இருந்தால் நகர்த்திப் பாருங்கள். இரண்டு பேர் தேடினால் 10 மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

எங்கே தேடலாம், எங்கே கூடாது?

சொந்த நிலம், அல்லது உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்த பட்டா நிலம். அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரி, ஆற்றுப் படுகை, புறம்போக்கு எல்லாம் அரசு நிலம். கோயில் நிலத்தில் கால் வைக்க வேண்டாம். சேர்வராயன் மலையில் காபித் தோட்டம் முடிந்து காப்புக்காடு தொடங்கும் எல்லை கண்ணுக்குத் தெரியாது. தோட்டத்துக்காரரிடம் எல்லைக்கல்லைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. முதுமக்கள் தாழி ஓடு, கல்வட்டம், கறுப்பு சிவப்புப் பானை ஓடு கண்ணில் பட்டால் அது பட்டா நிலமாகவே இருந்தாலும் தோண்டாதீர்கள். மண்ணடுக்கு கலைந்துவிட்டால் அந்த இடத்தின் காலத்தை அறிய வழியே இல்லாமல் போய்விடும்.

பழைய காசுக் குடம் கிடைத்துவிட்டால்?

அப்படியே விட்டு, படம் எடுத்துக்கொண்டு, மேலே மண்ணை மூடுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி. உடனே விஏஓ அல்லது தாசில்தாரிடம் சொல்லி, கலெக்டருக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்குங்கள். உரிமை கோருபவர் யாரும் இல்லை என்று முடிவானால், பொது விதிப்படி கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு.

காசைத் தேய்த்துக் கழுவாதீர்கள். புளி, எலுமிச்சை, விபூதி எதுவும் வேண்டாம். எழுத்து நிற்பது அந்தப் பச்சைப் படலத்தில்தான். தேய்த்தால் எழுத்தும் போகும், ஆய்வாளருக்கு அது பயன்படாமலும் போகும்.

ஆபத்து ஏதாவது?

காட்டோர நிலங்களில் பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடி உண்டு. நூலோ துணியோ இறுக்கிச் சுற்றிய எலுமிச்சை அளவு உருண்டை தெரிந்தால் கருவியைக்கூட அருகில் நீட்டாதீர்கள். வந்த தடத்திலேயே பின்வாங்கி 112-ஐக் கூப்பிடுங்கள். தோட்டா, குண்டு போலத் தெரியும் எதற்கும் இதே விதி. ஏற்காட்டுத் தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் இருக்கும். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு தனியாகத் தேடாமல், ஹெட்போன் போடாத ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி நீண்ட நாள் உழைக்க?

வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரி வீங்கும். பென்சில் பேட்டரி என்றால் வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள், ஒழுகினால் முனைகள் அரித்துவிடும். காயில் ஒயரைத் தண்டில் நெருக்கமாகச் சுற்றி வெல்க்ரோ போடுங்கள், தொங்கினால் அதுவே பொய்ச் சத்தம். பெரும்பாலான கருவிகளில் காயில் தண்ணீரில் நனையலாம். மேல் பெட்டி நனையலாமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். தண்ணீரில் இறங்கும் முன் கையேட்டைப் பாருங்கள்.